வெப்பம் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கோபி வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியலில் ஒரு துணைநூல் எழுதலாம் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். அரசுப் பாடநூலுக்கு மாற்று இல்லை, அதோடு சேர்த்துப் படிக்க ஒன்று. என் பங்குக்கு வந்திருப்பது வெப்பம்.

வழக்கமான வரிசை தெரிந்ததுதான். முதலில் வெப்பத்துக்கு ஒரு வரையறை, வெப்பநிலைக்கு ஒரு வரையறை, அப்புறம் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் கணக்கு, விரிவு, தன்வெப்ப ஏற்புத்திறன், கடத்தல், சலனம், கதிர்வீச்சு, எல்லாம் முடிந்து வகுப்பே களைத்துப்போன நேரத்தில் உள்ளுறை வெப்பம், அதாவது ஒரு பொருள் உருகும்போதோ ஆவியாகும்போதோ வெப்பநிலை ஏறாமலே வாங்கிக்கொள்ளும் வெப்பம். நான் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரப் போகிறேன்.

ஏன் என்றால், பத்தாம் வகுப்பில் யாரை எழுப்பிக் கேட்டாலும் வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம், தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, அடுப்பை இன்னும் கூட்டி வைத்தால் அதன் வெப்பநிலை என்ன ஆகும் என்று கேளுங்கள், "ஏறும் சார்" என்றுதான் பதில் வரும். ஏறாது என்று தெரிந்த பிள்ளைக்கும், அடுப்பு கொடுப்பது எங்கே போகிறது என்று கேட்டால் பேச்சு வராது. இரண்டும் வெவ்வேறு என்பது வரையறையைப் படித்துத் தெரியும் விஷயமே இல்லை. வெப்பமானி அசையாமல் நிற்கும்போது அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறதே, அங்கே வைத்துக் காட்டினால்தான் பிடிபடும். 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இவை இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் இங்கேதான். உருகுநிலைக்கு வந்த பனிக்கு இன்னும் துளி வெப்பம் போதும் என்றால் மலையில் கிடக்கும் பனி அத்தனையும் ஒரே நாளில் உருகி வெள்ளமாக ஓட வேண்டுமே, அப்படி நடப்பதில்லையே என்று அவர் கேட்டார். பதினான்கு வயசுப் பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேரும் கேள்வி இது.

ஆனால் நம் பிள்ளைகள் பனிமலையைப் பார்த்ததில்லை. அதனால் கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் கண்ணெதிரே நடக்கிற விஷயங்கள் எண்களோடு வேண்டும். வரிசையே தப்பு என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியல் எடுப்பவன் என்பதால் சொல்கிறேன் சார். உங்கள் நோக்கம் நல்லது, வரிசைதான் எனக்கு ஒத்துவரவில்லை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பிடுங்கி எறிய வேண்டியிருப்பது "பொருளில் உள்ள வெப்பம்" என்ற நினைப்பைத்தான். பொருளில் இருப்பது அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அதை வெப்பம் என்கிறோம். நீங்கள் முதல் பக்கத்திலேயே "உள்ளுறை" வெப்பம் என்று தொடங்கினால், வெப்பம் ஏதோ ஒரு திரவம் போல உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். பிளாக் காலத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1798-இல் ரம்ஃபோர்டு மியூனிக்கில் பீரங்கி துளைக்கும் இடத்தில் உராய்வால் வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து எழுதியபிறகுதான் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது.

முதலில் துகள்கள், அவற்றின் அசைவு, அவற்றுக்கு இடையே உள்ள ஈர்ப்பு. அப்புறம் ஆற்றல். உள்ளுறை வெப்பம் அதற்குப் பிறகுதான்.

கரும்பாலைக்காரர்:

வாத்தியார் சாருக்கு வணக்கமுங்க. நான் படித்தது பிளஸ்டூ வரைக்கும்தான், சித்தோட்டுக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில் எங்களுக்கு ஆலை இருக்கிறது. நீங்கள் கேட்டது எங்கள் கொப்பரையில் தினமும் நடக்கிறது.

சாறு ஊற்றி அடுப்பு மூட்டினால் முதலில் மடமடவென்று சூடேறும். அழுக்கு மேலே திரண்டு வரும், அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுவோம். கொதி வந்தபிறகுதான் வேலையே. சக்கை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓயாது, ஆனால் உள்ளே இருப்பது சூட்டில் பெரிதாக ஏறாது, ஆவி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் குமிழி சின்னதாகி, நுரை மஞ்சளாகி, பாகு கரண்டியில் கயிறு மாதிரி இறங்கும்போது சட்டென்று சூடேற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கண் வேறு எங்கும் போகக் கூடாது. கொஞ்சம் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போம். உருண்டு நின்றால் வெல்லத்துக்குப் பதம், நாட்டுச்சர்க்கரை என்றால் இன்னும் கொஞ்சம் போக விடுவோம். அடுப்பைத் தணித்துக் கொப்பரையை இறக்கத் தாமதித்தால் கருகிவிடும், அப்புறம் அந்தச் சரக்கு பழனி பஞ்சாமிர்தத்துக்கு ஏலம் எடுக்கிறவர்கள் பக்கம் போகாது.

ஒரு தடவை வேளாண் அதிகாரி ஒருவர் வெப்பமானி கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். இறக்கும்போது 118 பக்கம் காட்டியது. தண்ணீர் 100-இல் கொதித்துப் போய்விடும் என்று படித்தோமே, இது எப்படி 118 என்று எனக்கு அப்போதிருந்தே கேள்வி.

கோபி வாத்தியார்:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? நான் தேடியது இதைத்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில்: மாறாத கொதிநிலை சுத்தமான பொருளுக்குத்தான். உங்கள் கொப்பரையில் இருப்பது சர்க்கரைக் கரைசல். நீர் குறையக் குறைய அது செறிவாகும், செறிவு கூடக் கூடக் கொதிநிலை மேலே போகும். தொடக்கத்தில் நூறை ஒட்டித்தான் கொதிக்கும். முக்கால்வாசி நேரம் மெதுவாக ஏறி, நீர் கொஞ்சமாக மிஞ்சும்போது வேகம் பிடிக்கும். நீங்கள் சொன்ன "சட்டென்று" அதுதான். பாடநூலில் "நிலை மாறும்போது வெப்பநிலை மாறாது" என்று இருக்கும் வரியோடு "தூய பொருளுக்கு" என்பதையும் சேர்த்து எழுத இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாறு 100 கிலோ, அதில் விரட்ட வேண்டிய நீர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாறை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர, தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறனையே (ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய 4.2 கிலோ ஜூலை) சாறுக்கும் போட்டால், 100 × 4.2 × 70, ஏறக்குறைய 29 மெகா ஜூல். அந்த 80 கிலோ நீரை ஆவியாக்க 80 × 2260 கிலோ ஜூல், கிட்டத்தட்ட 181 மெகா ஜூல். அதாவது வெப்பமானி 70 டிகிரி ஏறும் வேலைக்கு ஒரு பங்கு சக்கை என்றால், வெப்பமானி ஏறக்குறைய சும்மா இருக்கும் வேலைக்கு ஆறு பங்குக்கு மேல் சக்கை. இதைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்ற எண்ணம் அதோடு தீர்ந்துவிடும்.

நொய்யல்கரை சாருக்கு விரிவாக இரவு எழுதுகிறேன்.

கரூர் டீச்சர்:

கணக்கு நன்றாக இருக்கிறது சார். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், பரீட்சையில் வரப்போவது "செல்சியஸை கெல்வினாக மாற்றுக"தான். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்கு உதவாத நூலைப் பெற்றோர் வாங்கித் தர மாட்டார்கள், பிள்ளைகளும் தொட மாட்டார்கள். வரிசையை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஒவ்வொரு பகுதியும் பாடநூலில் எந்தப் பகுதியோடு சேரும் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப நாளாக மனசில் இருப்பது. கடத்தல் பாடத்தில் எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி உண்டு: இரும்பையும் மரத்தையும் தொட்டால் இரும்புதான் குளிர்ச்சியாகத் தெரியும், இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும். கரூரில் ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். ஓடு போட்ட வகுப்பு, உள்ளேயே 40 டிகிரி. பெஞ்சின் இரும்புக் காலைத் தொட்டுப் பார்த்த பையன் "மிஸ், இரும்புதான் சுடுது" என்றான். அவன் சொன்னது சரி. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கிறது. அறை அதைவிடக் குளிராக இருக்கும் ஊரில் இரும்பு கையிலிருந்து வேகமாக வெப்பத்தை இழுக்கிறது, அதனால் குளிர்கிறது. அறை 40-இல் இருக்கும் ஊரில் அதே இரும்பு வேகமாகக் கைக்குள் தள்ளுகிறது, அதனால் சுடுகிறது. மரம் இரண்டையும் மெதுவாகச் செய்கிறது. குளிர்நாட்டுப் புத்தகத்து வரியை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதைச் சொல்லும் பையனுக்கு மார்க் குறைக்கிறோம். இதை மட்டும் தயவுசெய்து சரியாக எழுதுங்கள்.

நொய்யல்கரை:

டீச்சர் சொன்ன பெஞ்சு முதல் தரமான கேள்வி. இதுவரை நானும் வகுப்பில் "குளிரும்" என்ற பக்கத்தை மட்டும்தான் சொல்லி வந்தேன், கோவைக் குளிரில் அது ஓடிவிட்டது. இனி இரண்டையும் கேட்பேன்.

கோபி வாத்தியார்:

நொய்யல்கரை சார், உங்கள் மறுப்பில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை.

வெப்பம் பொருளுக்குள் உட்கார்ந்திருக்கும் சரக்கு இல்லை என்பதில் எனக்கும் பேச்சே இல்லை. அந்த மாதிரி வாக்கியம் பாடத்தில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் துகள்களை முதலில் சொல்ல வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். துகள் மாதிரி ஒரு விடை. கேள்வியே எழாதபோது விடையைக் கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடம். "திடப்பொருளில் துகள்கள் நெருக்கமாக உள்ளன" என்று ஏழாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைதான் பத்தாம் வகுப்பில் கொதிக்கும் தண்ணீர் இன்னும் சூடாகும் என்கிறது. முதலில் அவனே பனிக்கட்டியை உருக்கி, வெப்பமானி 0 டிகிரியில் நிற்பதைக் கண்ணால் பார்த்து, "இது எங்கே போகுது" என்று எரிச்சலோடு கேட்கட்டும். அந்த எரிச்சல் வந்தபிறகு துகளைக் கொண்டுவந்தால் அது அவனுக்குத் தேவைப்பட்ட பொருளாக வந்து சேரும்.

நொய்யல்கரை:

> "இது எங்கே போகுது"

அந்தக் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது சார். எங்கே போகிறது என்று கேட்டால் ஏதோ ஒரு பொருள் ஓர் இடத்துக்குப் போனது போல. "அடுப்பு கொடுத்த ஆற்றல் என்ன வேலை செய்தது?" என்று கேட்க வையுங்கள். அதற்கு விடை இருக்கிறது, அதுவும் எண்ணோடு. ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2260 கிலோ ஜூல். ஒரு லிட்டராக இருந்தது 1.67 கன மீட்டர் ஆவியாகிறது. அவ்வளவு இடத்துக்கு வெளிக்காற்றைத் தள்ளியாக வேண்டும், அதற்கு மட்டும் ஏறக்குறைய 170 கிலோ ஜூல். மீதி 2090 சொச்சமும் ஒன்றையொன்று பிடித்திருந்த மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கப் போனது. வேகத்தைக் கூட்டப் போகவில்லை, அதனால்தான் வெப்பநிலை ஏறவில்லை. இதைச் சொன்னால் திரவம் ஒளிந்துகொண்ட கதைக்கு இடமே இல்லை.

கேள்வியை மாற்றினால் உங்கள் வரிசைக்கு எனக்கு மறுப்பு இல்லை.

கோபி வாத்தியார்:

"என்ன வேலை செய்தது?" என்றே போடுகிறேன். இது நிஜமாகவே நல்ல கேள்வி.

நாமக்கல் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருசம்தான் பிளஸ்டூ முடித்தேன். எங்கள் வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. நீங்கள் எல்லோரும் கொதிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள் சார், எனக்கு உள்ளுறை வெப்பம் புரிந்தது கொதிக்காத தண்ணீரில்.

சித்திரை, வைகாசியில் கொட்டாய்க்குள் கோழி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்க்காது, மூச்சு வழியாகத்தான் ஈரத்தை ஆவியாக்கி உடம்பு சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அப்பா ஃபாகர் போட்டு நீரைப் புகை மாதிரி அடிப்பார், கூரைமேல் தென்னை ஓலை போட்டு அதற்கும் தண்ணீர் விடுவார். காய்ந்த வெயிலில் நன்றாகக் குளிரும். ஆனால் மழை வரப்போகிற மாதிரி புழுக்கமான நாளில் அதே ஃபாகரை ஓட்டினால் குளிராது, கொட்டாய்க்குள் ஈரம்தான் ஏறும், கோழி இன்னும் மோசமாக மூச்சு வாங்கும். அதனால் அந்த மாதிரி நாளில் அப்பா ஃபாகரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுவார். ஏன் என்று பதினொன்றாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது: காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துளி ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் வெப்பத்தை எடுக்காது. தண்ணீர் குளிர்விக்கவில்லை, ஆவியாவதுதான் குளிர்விக்கிறது.

இதைப் பாடத்தில் கேள்வியாகவே வையுங்கள் சார். எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பண்ணை உண்டு.

கோபி வாத்தியார்:

ரொம்ப நன்றி கண்ணு. 100 டிகிரியில் மட்டும்தான் நீர் ஆவியாகும் என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய. கொதித்தலும் ஆவியாதலும் ஒரே பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று இப்போதுதான் தெளிவாகிறது. உன் கேள்வி அப்படியே வரும்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏசி வாங்க வருபவர்கள் ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்கள், அது மிஷினின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவை ஒரு நாளில் அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்க டன், 907 கிலோ. பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்: 907 × 334 கிலோ ஜூலை 86,400 விநாடியால் வகுத்தால் 3.5 கிலோ வாட் வரும். எந்தக் கம்பெனி ஒரு டன் மிஷினின் விவரத்தாளை எடுத்துப் பார்த்தாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும். கரண்டு பில்லில் இழுப்பது அதைவிடக் குறைவு, ஏன் என்று பிளஸ் ஒன்னில் படிக்கட்டும்.

வார்ப்படம்:

விரிவுப் பாடத்துக்கு என்ன எடுத்துக்காட்டு வைத்திருக்கிறீர்கள் சார்? தண்டவாளத்தில் இடைவெளி, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது, இதுதானே? வண்டிப் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள், வறட்டி அடுக்கிச் சூடாக்கிப் போடுவதை இன்னும் சில ஊரில் பார்க்கலாம். ஆனால் கோவைப் பிள்ளைக்குப் பவுண்டரியைச் சொல்லாமல் விரிவைச் சொல்லக் கூடாது. இரும்பை 1350, 1400 டிகிரியில் ஊற்றுகிறோம். ஆறும்போது சுருங்கும். மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அதனால் பேட்டர்ன் (மணலில் அச்சுப் பதிக்க வைக்கும் மாதிரி) செய்பவர் பொருளின் அளவுக்கே பேட்டர்ன் செய்ய மாட்டார், அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துப் பெரிதாகச் செய்வார். இதற்கென்றே கோடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் உண்டு. அந்த ஸ்கேலையும் சாதா ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் போட்டால் போதும், நீள்விரிவுக் குணகம் என்ற சொல்லுக்கு உயிர் வந்துவிடும். ஒரு மோட்டார் பம்பு உறைக்கு இதைக் கணக்கில் விட்டால் மொத்த வார்ப்பும் ஸ்கிராப்தான்.

போத்தனூர்க்காரர்:

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்டவாள இடைவெளியைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை சார். முக்கிய வழித்தடங்களில் இப்போது இருப்பது நீளமாக வெல்டு வைத்த தண்டவாளம், 13 மீட்டருக்கு ஒரு இடைவெளி என்பது போய்விட்டது. பிள்ளை கோவை ஸ்டேஷனில் போய்த் தேடினால் புத்தகத்தில் இருப்பது கண்ணில் படாது. அப்படியென்றால் விரிவு என்ன ஆகிறது என்று கேட்பான். நல்ல கேள்வி, விடையும் இருக்கிறது: விரிய விடாமல் ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கின்றன. விரிய முடியாத இரும்பு விசையாகக் காட்டும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள ரகத் தண்டவாளம் ஒன்றில் வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் உள்ளே சேரும் அமுக்கு விசை 50 டன் எடைக்கு மேல். ஜல்லி தளர்ந்து போயிருந்தால் லைன் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் கோடையில் உச்சி வெயிலில் ஆட்கள் லைனைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன், செருப்பு வழியாக ஜல்லியின் சூடு ஏறும்.

இடைவெளியைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றால் காந்திபுரம் மேம்பாலத்தின் இணைப்புகளைக் காட்டுங்கள். வண்டி அதன்மேல் ஏறி இறங்கும்போது தட்டென்று கேட்கும்.

கரூர் டீச்சர்:

இது எனக்கே புதுசு ஐயா. போன வாரம்கூட இடைவெளிப் படத்தைப் போர்டில் போட்டேன். விரிய விடாமல் தடுத்தால் விசை வரும் என்பதைப் பாடநூல் சொல்வதே இல்லை. இதை ஒரு பெட்டியாக உள்ளே கொடுங்கள் சார்.

நாமக்கல் மாணவி:

சலனத்துக்குக் கடல்காற்று, நிலக்காற்றுதான் வருமா? நான் கடலை முதலில் பார்த்தது பத்தாம் வகுப்பு முடித்தபிறகு.

கரும்பாலைக்காரர்:

எங்கள் ஆலை அடுப்பு இருக்கிறதே அம்மணி. புகைபோக்கி உயரமாக இருந்தால்தான் அடுப்பு இழுக்கும். சூடான புகை மேலே போகப் போக, சக்கை போடும் வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். புகைபோக்கி குட்டையாகப் போனால் புகை வாய் வழியாகத் திரும்பும், எரியவும் எரியாது.

நொய்யல்கரை:

புகைபோக்கி சரியான எடுத்துக்காட்டு, அதையே வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வரும் ஆடிக்காற்றைச் சலனத்துக்கு உதாரணமாக எழுதும் ஆசை வரும், வேண்டாம். அது தென்மேற்குப் பருவக்காற்று, மலைத்தொடரில் அங்கே மட்டும் இடைவெளி இருப்பதால் குவிந்து வேகமாக வருகிறது. பருவக்காற்றுக்கே அடிப்படை நிலமும் கடலும் வேறுவேறு வேகத்தில் சூடேறுவதுதான் என்றாலும், அதை ஒன்பதாம் வகுப்பில் அரைகுறையாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

திருப்பூர் பாய்லர்:

தாமதமாகத்தான் பார்த்தேன். சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவன். நீராவியைப் பற்றி எழுதும்போது இரண்டு விஷயம் கட்டாயம் வர வேண்டும்.

முதலாவது பாதுகாப்பு. கொதிநீர் பட்டதற்கும் நீராவி பட்டதற்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 10 டிகிரி ஆறினால் 42 ஜூல் கொடுக்கும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராக மாறினாலே 2260 ஜூல், அப்புறம்தான் அது ஆறவே தொடங்குகிறது. இன்னொன்று, நிஜமான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது காற்றில் குளிர்ந்து துளியாக மாறியது. குக்கர் விசில் வாயை ஒட்டி ஒன்றும் தெரியாத அந்த விரலகலம்தான் ஆபத்து. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைக்க இப்போது காட்டுக்கே பாய்லர் கொண்டுவருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் சுற்றி நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்னே கொப்பரையில் தண்ணீர் ஊற்றி மஞ்சளை வேகவைத்தார்கள், அவ்வளவு தண்ணீரையும் சூடாக்க விறகு வேண்டும். இப்போது ஆவியை மட்டும் உள்ளே விடுகிறார்கள், அது மஞ்சள்மேல் நீராக மாறும்போது கொடுப்பதே வேகவைத்துவிடுகிறது.

இரண்டாவது, சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது என்று 2011-இல் உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னபிறகு, கடைசியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறோம். ஒரே தடவை காய்ச்சினால் விறகுச் செலவிலேயே ஆலை மூடிவிடும். அதனால் முதல் தொட்டியில் எழுந்த ஆவியை இரண்டாவது தொட்டிக்கு அடுப்பாக வைக்கிறோம், இரண்டாவதன் ஆவி மூன்றாவதுக்கு. முதல் தொட்டி ஆவியே அடுத்ததைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றால் அடுத்ததன் கொதிநிலை குறைவாக இருக்க வேண்டுமே, அதற்கு உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைக் குறைக்கிறோம். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று ஒரு வரியில் படித்தது எங்கள் பட்டறையில் மாதம் எத்தனையோ லோடு விறகை மிச்சப்படுத்துகிறது.

கரூர் டீச்சர்:

அந்த ஒரு வரிக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம் ஊட்டி. கோவையில் தண்ணீர் 98 அரை டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் 93 பக்கம். டூர் போன பிள்ளைகள் எல்லோரும் அங்கே பருப்பு வேகாத கதை சொல்வார்கள். அங்கிருந்து குக்கருக்கு, குக்கரிலிருந்து இந்தத் தொட்டிகளுக்கு என்று போகலாம்.

கோபி வாத்தியார்:

எல்லாவற்றையும் வைத்து முதல் பக்கத்தை எழுதிப் பார்த்திருக்கிறேன்:

"கொப்பரையில் கரும்புச் சாறு இருக்கிறது. அடியில் நெருப்பு. முதலில் வெப்பமானி வேகமாக ஏறுகிறது. 100 டிகிரியை ஒட்டி வந்ததும் தயங்கி நிற்கிறது. நெருப்பு அப்படியேதான் இருக்கிறது, சக்கையைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நெருப்பு கொடுக்கும் ஆற்றல் சாறின் வெப்பநிலையை இப்போது ஏற்றவில்லை. அப்படியென்றால் அது என்ன வேலை செய்கிறது? இந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான்."

அதற்குப் பிறகு பனிக்கட்டிச் சோதனை, பிள்ளையே செய்ய வேண்டியது. நொறுக்கிய பனிக்கட்டியைப் பாத்திரத்தில் போட்டு மெல்லிய தீயில் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுவது. பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் நஞ்சு. கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வரைபடத்தில் தட்டையாக இருக்கும் பகுதியைப் பிள்ளை தன் கையால் வரைந்தபிறகு துகள்கள், அப்புறம் கொதித்தலும் ஆவியாதலும், கோழிக் கொட்டாய், அழுத்தம், ஊட்டி. தன்வெப்ப ஏற்புத்திறன் அதற்கு அடுத்து: 200 கிராம் இரும்பு நட்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, 30 டிகிரியில் உள்ள 200 கிராம் நீரில் போட்டால் எவ்வளவு வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வது. பாதிப் பிள்ளைகள் 65 என்பார்கள். 37-ஐத் தாண்டாது. அளவுகோல் மாற்றும் கணக்கு எல்லாம் பின்னால், ஓரத்தில் டீச்சர் சொன்ன குறிப்போடு.

கரூர் டீச்சர்:

"தயங்கி நிற்கிறது" என்பதை "ஏறக்குறைய நின்றுவிடுகிறது" என்று மாற்றுங்கள். பிள்ளை அளந்து பார்த்தால் ஏறக்குறைய என்பதுதான் உண்மை. கடைசி வாக்கியம் வேண்டாம், கேள்வியோடு நிறுத்துங்கள்.

நொய்யல்கரை:

டீச்சர் சொன்னது சரி. நட்டுச் சோதனையில் நட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் கொதிநீரை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 39, 40 என்று வந்து பிள்ளை குழம்பும். துகள் பகுதியை நானே எழுதித் தருகிறேன், இரண்டு பக்கத்துக்குள்.

கோபி வாத்தியார்:

இரண்டையும் திருத்திவிட்டேன். துகள் பகுதிக்குக் காத்திருக்கிறேன் சார்.

கரும்பாலைக்கார அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கில் வந்ததை நிஜத்தில் அளந்து அந்த வரைபடத்தையே பாடத்தில் போட ஆசை. சாறு ஊற்றுவதிலிருந்து கொப்பரை இறக்கும் வரை நிமிடவாரியாக. பொங்கலுக்கு முன்னால் ஆலை ஓடும்போது என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

கரும்பாலைக்காரர்:

தாராளமா வாங்க சார். மார்கழி பிறந்ததும் கூப்பிடுங்கள், ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்கிறேன். விடியக்காலம் மூன்று மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவோம், முதல் கொப்பரையிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் ராத்திரியே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியின் கம்பி ஆறடிக்குக் குறையாமல் இருக்கட்டும், அதை மூங்கிலில் கட்டி நானே பிடித்துக்கொள்கிறேன், பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணை எழுதிக்கொள்ளட்டும். பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. எல்லோரும் முழுக்கால் பேன்ட்டும் செருப்பும் போட்டு வரணும்.